எங்களைக் கேட்டுப் போட்ட கோடு

காஞ்சிபுரம் சேலையும் தலையில் பிளாஸ்டிக் மல்லிகையும் கையில் தொலைபேசியுமாகப் பள்ளிக்கூட வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே சாப்பாட்டு அறையில் மேசைகள் காலியாகக் கிடந்தன. வடை ஆறிவிட்டது. சொதியில் ஆடை கட்டிவிட்டது. முற்றத்துக்கு அந்தப்பக்கம் உடற்பயிற்சி மண்டபத்தில் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. டெனிஷ்காரர்கள் சைக்கிளில் வந்து வாக்குப் போட்டுவிட்டுச் சைக்கிளிலேயே திரும்பிப் போனார்கள். என் தமிழ் ஆட்கள் ஒருவரையும் காணவில்லை.

"மணியண்ணை, எங்க நிக்கிறீங்க?"

"வெளிக்கிட்டிட்டம் பிள்ளை, வெளிக்கிட்டிட்டம்."

புறப்பட்டுவிட்டாராம். அவருக்குப் பின்னால் ஷவரில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

வயல்களுக்கு மாட்டெருக் கரைசல் தெளிக்கிற காலம். காற்று முழுக்க அந்த நாற்றம். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. ஆனால் எட்டு மணிக்கு மண்டபக் கதவை மூடிவிடுவார்கள். டெனிஷ்காரன் எட்டு என்றால் எட்டு. எங்கள் ஆட்கள் ஐந்து என்றால் ஏழரை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

விஷயம் இதுதான்

போன வாரம் இந்தப் பத்தியில் தொழிற்சாலைக் கதையை எழுதியதற்கு, நான் எங்கள் சனத்தைத் திட்டுகிறேன் என்று ஒருவர் தொலைபேசியில் எடுத்துக் கோபித்தார். இந்த வாரமும் திட்டத்தான் போகிறேன். ஆனால் கடைசியில் மெச்சுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடத்துக்கு முன் டென்மார்க் அரசாங்கம் நாட்டின் வரைபடத்தை விரித்து வைத்துச் சின்னக் கொமூனகளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கொமூன என்றால் நமது பிரதேச சபை மாதிரி. ஆனால் உண்மையான அதிகாரம் உள்ளது. பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், தெருவிளக்கு எல்லாம் அதன் கையில். இருநூற்று எழுபதுக்கு மேல் இருந்ததைத் தொண்ணூற்றெட்டாகக் குறைத்தார்கள். அதற்கு மேலே அம்ட் என்று மாவட்டங்கள் இருந்தன. அவற்றைத் துடைத்துவிட்டு ஐந்து ரெகியோன், அதாவது பெரும் பிராந்தியங்கள், வைத்தார்கள்.

எங்கள் கொமூன ஹேர்னிங் நகரத்திலிருந்து காரில் அரை மணித் தூரத்தில் இருந்தது. பன்றியும் பசுவும் மனிதரைவிட அதிகம். தனியே நிற்க அதற்குப் பலம் இல்லை என்று முடிவாகிவிட்டது. சபையில் இருந்தவர்கள் வடக்கே இருந்த பெரிய கொமூனவோடு சேரக் கை தூக்கினார்கள். எங்கள் ஊர் தெற்கு எல்லையில் இருந்தது. ஊரைத் தாண்டினால் ஒரு சிற்றாறு. அதற்கு அப்பால் தெற்குக் கொமூன. நாங்கள் கடைக்குப் போவது தெற்கே. பல் பிடுங்கப் போவது தெற்கே. நான் ஜன்னல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனதும் தெற்கே. கை தூக்கியவர்கள் எவரும் எங்கள் ஊரில் குடியிருக்கவில்லை.

அது கூடப் பரவாயில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவோம் என்று வடக்குக்காரர்கள் பச்சையாகவே சொல்லிவிட்டார்கள். பள்ளியை வைத்திருப்போம் என்று தெற்கு சொன்னது. என் மகள் துர்க்கா அங்கே ஏழாம் வகுப்பு. ஊரில் இருந்த எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கேதான். பள்ளி போனால் கடை போகும். கடை போனால் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஹேர்னிங்குக்கு மூட்டை கட்டும். மறுபடியும் ஒரு ஊரை விட்டு எழும்ப எனக்கு மனமில்லை.

ஊர்ச்சனம் மல்லுக்கட்டியதில், எங்கள் ஊருக்கு மட்டும் தனி வாக்கெடுப்பு வைக்கச் சம்மதித்தார்கள். வடக்கா, தெற்கா, நீங்களே சொல்லுங்கள் என்றார்கள்.

ஓம் ஓம்

பெற்றோர் சங்கத் தலைவி லோனே ஒருநாள் என் வீட்டு மணியை அடித்தாள். பக்கத்துத் தெருக்காரி, உயரமானவள், எப்போதும் ரப்பர் பூட்ஸ்தான் போட்டிருப்பாள்.

"சாந்தி, பாதிச் சனம் வடக்கு, பாதி தெற்கு. உங்கள் ஆட்கள் வந்தால் பள்ளி நிற்கும். வராவிட்டால் போகும்," என்றாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள். அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

வீடு வீடாகப் போனேன். சில வருடம் இங்கே வாழ்ந்திருந்தாலே உள்ளூர் வாக்கு உண்டு, எந்த நாட்டுக் கடவுச்சீட்டாக இருந்தாலும் சரி என்று விளங்கப்படுத்தினேன். தேநீர் தந்தார்கள், பிஸ்கட் தந்தார்கள்.

"ஓம் ஓம், கட்டாயம் வாறம்."

ஒரு 'ஓம்' என்றால் ஆம். இரண்டு 'ஓம்' என்றால் வரமாட்டோம். இது கூடத் தெரியாமலா இத்தனை வருடம் இவர்களோடு வாழ்கிறேன்?

மணியண்ணை ஒருவர்தான் நேரே சொன்னார். ஊரில் எங்கள் ஆட்களுக்கு எல்லாம் அவர்தான் பெரியவர். வான் வண்டி வைத்திருந்தார். பெரிய சட்டிகளும் அவரிடம்தான் இருந்தன. "பிள்ளை, வடக்கு வந்தாலும் தெற்கு வந்தாலும் டக்ஸ் எடுக்கத்தானே போறாங்கள். இதுக்கு நான் சேர்ட் மாத்திக்கொண்டு வரவேணுமே?"

பேசிப் பயனில்லை என்று அன்றைக்கே தெரிந்தது. எங்கள் ஆட்களை ஒரு இடத்துக்கு வரவைக்க ஒரே வழிதான் உண்டு. கொண்டாட்டம் வைக்க வேண்டும். வாக்கெடுப்பு நாளன்று பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையை வாடகைக்கு எடுத்தேன். துர்க்காவின் பிறந்தநாள் என்று அறிவித்தேன்.

"செவ்வாய்க்கிழமையில ஆர் பேர்த்டே வைக்கிறது? உமக்கு விசரே?" என்றார் என் கணவர் குணம். அவர் யாழ்ப்பாணம். நான் கல்முனைப் பக்கம். எனக்குப் பைத்தியம் என்று அவர் கலியாணத்துக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும்.

துர்க்கா டெனிஷில் சண்டை பிடித்தாள். "அம்மா, என் பிறந்தநாள் போன மாதமே முடிந்துவிட்டது. வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். இது பின்லி." பின்லி என்றால் மானக்கேடு. அந்த வயதில் அவளுக்கு நான் மூச்சு விடுவதே பின்லி.

"உன்ர பள்ளிக்கூடத்துக்குத்தான்டி" என்றேன்.  கேக்கில் என்ன நிறம் என்று மட்டும் கேட்டாள்.

குணம் பயந்து லோனேயிடம் போய், சாப்பாடு போட்டு வாக்குக் கேட்பது குற்றம் இல்லையா என்று விசாரித்துவிட்டு வந்தார். சாப்பாடு எல்லோருக்கும் என்றும், டெனிஷ்காரரும் வந்து சாப்பிடலாம் என்றும், மண்டபத்துக்குள் போனால் வாயைக் கட்ட வேண்டும் என்றும் அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். சாப்பாட்டில் எனக்குச் சிக்கல் இல்லை. வாயைக் கட்டுவதுதான் கஷ்டம்.

செவ்வாய் என்பதால் சைவம். "மச்சம் இல்லாத பேர்த்டே" என்று ஊர் முழுக்கக் கதை. அதையும் தாங்கினேன். நான் பிழை விட்டது நேரத்தில். ஜன்னல் தொழிற்சாலை எனக்கு மணிக்கூட்டைப் பழக்கிவிட்டது. ஐந்து மணிக்கு வாருங்கள் என்று உண்மையான நேரத்தைச் சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களிடம் உண்மையான நேரத்தைச் சொல்கிற முட்டாள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

அப்பாவின் கச்சேரி

எனக்கு ஏன் இவ்வளவு கொதிப்பு என்று கேட்பீர்கள். அதற்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பிறப்பதற்குச் சற்று முன்தான் மட்டக்களப்பு மாவட்டத்தை வெட்டி அம்பாறை மாவட்டம் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். எங்கள் ஊரும் அதற்குள் போனது. அப்பா வீடு மாறவில்லை. வயல் மாறவில்லை. கிணறு, வேலி, மாடு ஒன்றும் மாறவில்லை. மாவட்டம் மாறிவிட்டது. அதுவரை காணிக் காரியம் என்றால் மட்டக்களப்புக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்குப் போவார். போய்த் தமிழில் சண்டை பிடித்துவிட்டு வருவார். பிறகு அம்பாறைக் கச்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே எல்லாம் சிங்களம்.

அவர் கச்சேரிக்குப் போகிற காலைநேரமெல்லாம் எனக்கு மணத்தோடு ஞாபகம் இருக்கிறது. இஸ்திரிப்பெட்டிக்குள் சிரட்டைக் கரி, வேட்டியில் நீலம், அப்பாவின் தலையில் நல்லெண்ணெய். போகும்போது நிமிர்ந்து போவார். வரும்போது சட்டை கசங்கி வந்து கிணற்றடியில் நின்று காலைக் கழுவுவார். என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டால், "என்ன சொன்னாங்க எண்டு எனக்கென்ன தெரியும்?" என்பார். உண்மையாகவே தெரியாது. அவர்கள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான். "கோடு போட்டவன் என்னக் கேக்கல்ல." வேறு முறைப்பாடு அவருக்கு இல்லை. பிரித்ததைவிட, சேர்த்ததைவிட, கேட்காததுதான் அவரைச் சுட்டது.

அந்த மனிதனின் மகளை டென்மார்க்கில் கேட்கிறார்கள். வடக்கா தெற்கா என்று கேட்கிறார்கள். என் சனம் ஷவரில் நிற்கிறது.

வீடியோக்காரன்

ஏழு மணியும் தாண்டிவிட்டது. லோனே ரப்பர் பூட்ஸோடு முற்றத்தைக் கடந்து வந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"வடக்குக்காரர்கள் கிழவர்களைக் கூடக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் ஆட்கள் எங்கே?"

"வெளிக்கிட்டுவிட்டார்களாம்," என்றேன் டெனிஷில். டெனிஷில் அந்தச் சொல் வெளிக்கிட்டுவிட்டதைத்தான் குறிக்கும். பாவம், அவள் நம்பிவிட்டாள்.

மறுபடியும் மணியண்ணைக்கு எடுத்தேன். ஷவர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. கேக் வெட்டப் போகிறோம் என்றேன். "வெட்டுங்கோ வெட்டுங்கோ" என்றார். வடை முடியப் போகிறது என்றேன். "நாங்கள் சாப்பாட்டுக்கே வாறம், பிள்ளை?" என்றார். பள்ளிக்கூடம் போகப் போகிறது என்று சொன்னேன். அதற்கு அவர் மனைவியிடம் சேர்ட்டுக்கு இஸ்திரி போட்டாச்சா என்று கேட்டார்.

அப்போது சாப்பாட்டு அறை மூலையில் வீடியோக்காரன் கமெராவை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவதைக் கண்டேன். ஹேர்னிங்கிலிருந்து பிடித்து வந்த பொடியன். கொண்டாட்டம் உண்மை போலத் தெரிய வேண்டும் என்று குணம்தான் அவனையும் ஏற்பாடு செய்திருந்தார்.

"மணியண்ணை," என்றேன், குரலைத் தணித்து. "வீடியோக்காரன் எட்டு மணிக்குப் போறானாம்."

ஷவர் நின்றது.

"என்ன?"

"வேற இடத்தில ஓர்டர் இருக்காம். எட்டு மணிக்குப் பிறகு நிக்க மாட்டானாம். குடும்பப் படம், வீடியோ எல்லாம் அதுக்கு முதல்தான். எல்லாருக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்க."

 "எடியே" என்று மனைவியைக் கூப்பிட்டது மட்டும் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

எங்கள் ஆட்கள் சாப்பாட்டைத் தவறவிடுவார்கள். தாலி கட்டுவதைத் தவறவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். வீடியோவைத் தவறவிட மாட்டார்கள். புதுச் சேலை கட்டியது எதற்கு?

கொஞ்ச நேரத்தில் சிற்றாற்றுப் பக்கமிருந்து கார்கள் வருவது தெரிந்தது. ஒன்று, அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் மணியண்ணையின் வான். ஊரே வந்தது. சிவப்புப் பட்டு, மாம்பழ மஞ்சள், மயில் பச்சை. நகைகள் குலுங்கின. மாட்டெரு நாற்றத்தை வாசனைத் திரவியம் அடித்து விழுத்தியது.

வாசலில் குறுக்கே நின்றேன்.

"வீடியோ முதலில அந்த மண்டப வாசலிலதான். வரிசையா நில்லுங்க."

பொய் இல்லை. முற்றத்தில் நின்று எல்லோரையும் எடுக்கும்படி பொடியனைத் துரத்திவிட்டிருந்தேன். உள்ளே எடுக்கக் கூடாது. வெளியே எடுக்கலாம்.

பென்டின் மேசை

வாக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் பென்ட். ஓய்வுபெற்ற பால்பண்ணைக்காரர். நாற்பது பட்டுச்சேலை வரிசை கட்டி உள்ளே வருவதைக் கண்டு எழுந்து நின்றுவிட்டார். கல்யாண ஊர்வலம் தடம் மாறி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். வாக்கு அட்டையை மறந்துவிட்டு வந்தவர்கள் பாதிப்பேர். பென்ட் பிறந்த தேதியைக் கேட்டுப் பெயரைத் தேடி ஒவ்வொருவரையும் உள்ளே விட்டார். எட்டு மணிக்குக் கதவை மூடினார்கள். உள்ளே நின்றவர்களுக்கு வாக்கு உண்டு என்று அவரே சத்தமாகச் சொன்னார். அந்த மனிதரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

மணியண்ணை வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனார். போன வேகத்தில் தலையை வெளியே நீட்டினார்.

"பிள்ளை, இதில நாங்கள் எது?"

 பென்ட் என்னைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"உங்கட மனச்சாட்சிய கேளுங்க அண்ணை."

"என்ர மனச்சாட்சி அங்கால வரிசையில நிக்குது" என்று மனைவியைக் கையால் காட்டினார்.

"ரெண்டு பேரும் ஒண்டா உள்ள போகேலாதாம்" என்றார் அந்த அக்கா, அசையாமல். "ஒருக்கா எண்டாலும் நீங்களாத் தீர்மானியுங்கோ."

தமிழ் விளங்கியவர்கள் சிரித்தார்கள். விளங்காத டெனிஷ்காரரும் சிரித்தார்கள். மணியண்ணை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எதற்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

சின்ன ஊர். எண்ணி முடிக்க நேரம் எடுக்கவில்லை. துர்க்கா இரண்டாம் முறையாகப் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது பென்ட் சாப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றார். அவர் பின்னால் லோனே. அவள் அழுதுகொண்டிருந்தாள். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

"தெற்கு," என்றார் பென்ட்.

வித்தியாசம் சின்னது. எங்கள் நீள மேசை ஒன்றில் உட்கார்ந்திருந்தவர்களை விடக் குறைவு. அதை அவர் சொன்னதும் மணியண்ணை எழுந்து, தான்தான் எல்லோரையும் கூட்டி வந்தது போல இரண்டு கையையும் தூக்கினார். விட்டுவிட்டேன். அன்றைக்கு யாருக்கும் எதையும் கொடுக்கலாம் போல இருந்தது. லோனே என்னைத் தூக்கியே விட்டாள். என் கால் நிலத்தில் இல்லை. பென்ட் ஒரு வடையை எடுத்துக் கடித்தார். பச்சை மிளகாய் அகப்பட்டுக் கண் கலங்கியது. இரண்டாவது வடையையும் எடுத்தார்.

வீடியோக்காரன் நெடுநேரம் இருந்தான். எட்டு மணிக்குப் போகவில்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் கடையில் ஒரு ஆள் என் தள்ளுவண்டியை மறித்தான். எங்கள் எல்லையை வெளிநாட்டுக்காரர் தீர்மானிக்கிற காலம் வந்துவிட்டது என்றான்.

"நேற்று வாக்குப் போட்டாயா?" என்று கேட்டேன்.

இல்லையாம். தொலைக்காட்சியில் உதைபந்தாட்டமாம்.

"நான் போட்டேன். உன் பிள்ளையும் அதே பள்ளிக்குத்தான் போகிறான். வழியை விடு."

விட்டான். முள்ளங்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரே புத்தாண்டு

புதிய கொமூன 2007 ஜனவரி முதலாம் தேதி நடைமுறைக்கு வந்தது. பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். அம்ட் போனது. ஆஸ்பத்திரி புது ரெகியோனுக்குக் கீழே வந்தது. பள்ளிக்கூட மணி மட்டும் அதே மணி.

அதே நாள் இலங்கையில் வேறொன்று நடந்தது. வடக்கையும் கிழக்கையும் சேர்த்து வைத்திருந்தது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தப் புத்தாண்டோடு கிழக்கு தனி மாகாணமாகப் போனது. இங்கே ஒட்டினார்கள், அங்கே வெட்டினார்கள், ஒரே தேதியில். அப்பா அதற்குள் எத்தனை தரம் இருந்த இடத்திலேயே இடம் மாறிவிட்டார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்றைக்கு அவரைத் தொலைபேசியில் எடுத்தேன். லைன் இரைந்தது.

"இஞ்ச பிரிச்சுப்போட்டாங்க மகள்," என்றார்.

"தெரியும் அப்பா. இஞ்ச எங்களச் சேத்துப்போட்டாங்க."

 "உங்களக் கேட்டாங்களா?"

"ஓம் அப்பா. கேட்டாங்க."

"உன்னயுமா?"

"என்னயும்தான். தெற்கு எண்டு சொன்னன்."

"மறுகா?" பிறகு என்ன என்று கேட்டார்.

"மறுகா என்ன, தெற்குத்தான்."

அப்பா சிரித்தார். கச்சேரிக்குப் போய் வந்த நாட்களில் சிரிக்காத சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது போலச் சிரித்தார். இருமல் வந்து அம்மா தொலைபேசியைப் பிடுங்கும்வரை சிரித்தார். அடுத்த மழைக்காலத்தில் அவர் இல்லை. அந்தச் சிரிப்பு என்னிடம் இருக்கிறது.

பள்ளி இன்னும் நிற்கிறது. கூரை மாற்றினார்கள். காலையில் பிள்ளைகளின் சைக்கிள் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வருகிறது.

துர்க்கா இப்போது தலைநகரத்துக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் இருக்கிறாள். போன வாரம் தொலைபேசியில் எடுத்தாள். அங்கே இரண்டு ரெகியோன்களைச் சேர்த்துக் கிழக்கு டென்மார்க் என்று ஒன்றாக்குகிறார்களாம். அப்பா கிழக்கு, நான் கிழக்கு, இப்போது இவளும் கிழக்கு.

"உங்களக் கேட்டாங்களா?" என்றேன்.

"சேர்க்கிறதுக்குக் கேக்கேல்லை. அது மேல இருந்து வந்தது. புது ரெகியோனுக்குத் தேர்தல் வச்சவங்கள்தானே, அம்மா."

"போனியா?"

"போனன்." தமிழில்தான் சொன்னாள். "கதவு திறக்க முதலே போய் நிண்டன். வீடியோக்காரன் இல்லாமலே."